கடிகாரத்தை மாற்றுவதா, விடுவதா? கோடை நேரத்துக்கு முன்னால் இருக்கும் மூன்று வழிகள்

மார்ச் இரண்டாம் ஞாயிறு நெருங்கினால் டொராண்டோவிலும் நியூஜெர்சியிலும் வீட்டுக்கு வீடு அதே கேள்விதான்: கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி, ஒரு மணி நேரத் தூக்கத்தைப் பறிக்கும் இந்த வழக்கம் இன்னும் எதற்கு? லண்டனில் அது மார்ச் கடைசி ஞாயிறன்று எழும். நிறுத்திவிடலாம் என்பதில் பெரும்பாலோருக்குச் சண்டையே இல்லை. முள்ளை எந்த நேரத்தில் நிறுத்துவது என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பக்கம் போகிறார்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் மக்களிடம் கருத்துக் கேட்டது. 46 லட்சம் பேர் பதில் அனுப்பினார்கள். அவர்களில் 84 விழுக்காட்டினர் மாற்றுவதை நிறுத்தச் சொன்னார்கள். 2019 மார்ச்சில் ஐரோப்பிய நாடாளுமன்றமும் 410க்கு 192 என்ற கணக்கில் ஒப்புதல் தந்தது. அதன்பின் உறுப்பு நாடுகள் ஒரு முடிவுக்கு வர முடியாமல் காரியம் அப்படியே நின்றுவிட்டது. அமெரிக்க செனட் 2022 மார்ச்சில் ஆண்டு முழுவதும் கோடை நேரம் என்ற மசோதாவை ஒருமனதாக நிறைவேற்றியது. கீழவை அதை எடுத்துக்கொள்ளவே இல்லை. எனவே கேள்வி இன்னும் திறந்தே கிடக்கிறது. உங்கள் ஊரில் கருத்துக் கேட்டால் என்ன சொல்வது என்று முடிவெடுக்க உதவுவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

சொற்களை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். ஓர் ஊரின் நெடுங்கோட்டை ஒட்டி அமைந்த, நவம்பர் முதல் மார்ச் வரை இப்போது இருக்கும் நேரத்தை இங்கே ‘இயல்பு நேரம்’ என்கிறோம். அதைவிட ஒரு மணி முன்னால் ஓடுவது ‘கோடை நேரம்’. வழிகள் மூன்று: இப்போதுபோல ஆண்டுக்கு இருமுறை மாற்றுவது, என்றைக்கும் இயல்பு நேரம், என்றைக்கும் கோடை நேரம்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், குளிர்காலக் காலை வெளிச்சம். பள்ளிக்கும் வேலைக்கும் கிளம்பும்போது சூரியன் உதித்திருக்கிறதா? நம் உடலின் உட்கடிகாரம் சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமாக ஓடுவது. காலை வெளிச்சம் அதைத் தினமும் பின்னால் போகாமல் இழுத்துப் பிடிக்கிறது. மாலை வெளிச்சமோ தள்ளிப்போடுகிறது. காலை இருளும் மாலை வெளிச்சமும் சேர்ந்தால் தூக்கம் பின்னால் நகரும், எழும் நேரம் மட்டும் நகராது. மற்ற எல்லா அளவுகோல்களையும்விட இதற்கு நாங்கள் கூடுதல் எடை தருகிறோம்.

இரண்டாவது, கோடையில் வேலை முடிந்தபின் கிடைக்கும் வெளிச்சம். விளையாட்டு, நடை, கடைவீதி, தோட்டம் எல்லாம் இதில் அடங்கும். மூன்றாவது, மாற்றம் நடக்கும் அந்த ஒரு நாளின் செலவு. நான்காவது, மின்சாரம். ஐந்தாவது, அண்டை ஊர்களோடும் சட்டத்தோடும் ஒத்துப்போகிறதா என்பது.

பகலின் நீளம் எந்த வழியிலும் ஒரு நிமிடம்கூடக் கூடுவதில்லை. காலையில் இருப்பதை எடுத்து மாலையில் வைக்கிறோம், அவ்வளவுதான். இரண்டு ஊர்களில் அது எப்படி விழுகிறது என்று பாருங்கள்:

| | மாற்றிக்கொண்டே இருந்தால் | என்றும் இயல்பு நேரம் | என்றும் கோடை நேரம் |
|---|---|---|---|
| டொராண்டோ, ஜூன் 21 உதயம் | காலை 5:36 | காலை 4:36 | காலை 5:36 |
| டொராண்டோ, ஜூன் 21 மறைவு | இரவு 9:03 | இரவு 8:03 | இரவு 9:03 |
| டொராண்டோ, டிசம்பர் 21 உதயம் | காலை 7:48 | காலை 7:48 | காலை 8:48 |
| டொராண்டோ, டிசம்பர் 21 மறைவு | மாலை 4:44 | மாலை 4:44 | மாலை 5:44 |
| லண்டன், ஜூன் 21 உதயம் | காலை 4:43 | அதிகாலை 3:43 | காலை 4:43 |
| லண்டன், ஜூன் 21 மறைவு | இரவு 9:21 | இரவு 8:21 | இரவு 9:21 |
| லண்டன், டிசம்பர் 21 உதயம் | காலை 8:04 | காலை 8:04 | காலை 9:04 |
| லண்டன், டிசம்பர் 21 மறைவு | மாலை 3:53 | மாலை 3:53 | மாலை 4:53 |

## வழி 1: இருமுறை மாற்றுவது

இந்த ஏற்பாட்டின் பலம் அட்டவணையிலேயே தெரிகிறது. டிசம்பரில் காலை வெளிச்சத்தைக் காப்பாற்றுகிறது, ஜூனில் மாலை வெளிச்சத்தைத் தருகிறது. இரண்டு பருவத்துக்கும் இரண்டு ஏற்பாடு என்ற அளவில் இதில் நியாயம் உண்டு.

விலையை மாற்றும் நாளில் கட்டுகிறோம். மார்ச் மாற்றத்துக்கு அடுத்த வாரத்தில் அமெரிக்காவில் உயிர்ப்பலி வாங்கும் சாலை விபத்துகள் சுமார் 6 விழுக்காடு கூடுகின்றன என்று 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. மாரடைப்புகள் முதல் வாரத்தில் சுமார் 5 விழுக்காடு கூடுவதை 2008இல் சுவீடன் ஆய்வு பதிவு செய்தது. மிச்சிகன் மருத்துவமனைகளின் பதிவுகளை வைத்து 2014இல் வந்த ஆய்வு அடிக்கடி மேற்கோள் காட்டப்படும்: மாற்றத்துக்கு அடுத்த திங்களன்று 24 விழுக்காடு உயர்வு. அதே ஆய்வு, அந்த வாரத்தின் மொத்த எண்ணிக்கை மாறவில்லை என்றும் சொன்னது. சில நாள் கழித்து வந்திருக்கக்கூடிய மாரடைப்பு முன்னதாக வந்துவிடுகிறது என்று அதைப் புரிந்துகொள்ளலாம். பாதி எண்ணை மட்டும் எடுத்துப் பேசுபவர்களிடம் இந்த மறுபாதியையும் கேளுங்கள்.

மறைந்து கிடக்கும் செலவுகள் வேறு. அமெரிக்காவிலும் கனடாவிலும் மார்ச்சில் அதிகாலை 2 மணி அடித்ததும் 3 ஆகிவிடுகிறது. 2:30 என்ற நேரமே அன்று கிடையாது. அந்த நேரத்துக்கு ஓடும்படி வைத்த கணினிப் பணி ஓடாமல் போகலாம். நவம்பரில் 1 மணியிலிருந்து 2 மணி வரை இருமுறை வரும்; 1:30க்கு வைத்த பணி இருமுறை ஓடலாம். இரவுப்பணி செய்யும் செவிலியர் மார்ச்சில் எட்டு மணி நேரப் பணியில் ஏழு மணி நேரமே நிற்கிறார், நவம்பரில் ஒன்பது நிற்கிறார். மணிக்கணக்கில் சம்பளம் வாங்குபவருக்கு உண்மையில் உழைத்த நேரத்தைக் கணக்கிட வேண்டும், பணிப்பட்டியலில் அச்சிட்டதை அல்ல. சம்பளச் சீட்டில் இதைச் சரிபார்க்காமல் விடுபவர்கள் பலர். அந்த ஒரு மணி நேரம் கணினியை நிறுத்திவிட்டுக் காகிதத்தில் எழுதும் மருத்துவமனைகளும் உண்டு.

நாடுகள் ஒரே நாளில் மாற்றாததும் தலைவலிதான். வட அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறு மாறுகிறது, ஐரோப்பா கடைசி ஞாயிறு. இடைப்பட்ட இரண்டு மூன்று வாரம் டொராண்டோவுக்கும் லண்டனுக்கும் ஐந்து மணி வித்தியாசம் நான்காகச் சுருங்குகிறது. இலையுதிர் காலத்தில் இன்னொரு வாரம் இதே குழப்பம். சென்னையில் நியூயார்க் வாடிக்கையாளருக்கு வேலை செய்பவர் கடிகாரத்தைத் தொடுவதே இல்லை, ஆனாலும் அவருடைய பணிநேரம் ஆண்டுக்கு இருமுறை ஒரு மணி நகர்கிறது: நியூயார்க் பங்குச் சந்தை திறப்பது கோடையில் இந்திய நேரம் இரவு 7:00, குளிர்காலத்தில் 8:00.

எங்கே இது பொருந்தும்? பகல் நீளம் பருவத்துக்குப் பருவம் வெகுவாக மாறும் ஊர்களில்: பிரிட்டன், ஜெர்மனி, கனடாவின் தென்பகுதி. சென்னையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். லண்டனில் அது எட்டே முக்கால் மணி நேரத்தைத் தாண்டும். தமிழ்நாட்டில் இந்த வழக்கம் இல்லாததற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

## வழி 2: என்றும் கோடை நேரம்

கேட்டவுடன் எல்லோருக்கும் பிடிக்கும் வழி. மாலை வெளிச்சம் யாருக்குத்தான் வேண்டாம்? மசோதாக்களும் பெரும்பாலும் இதையே கேட்கின்றன. ஆனால் பெரிய நாடுகள் மூன்று இதைச் செய்து பார்த்துப் பின்வாங்கியிருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரே இடத்தில் இடறியது.

அமெரிக்கா எண்ணெய் நெருக்கடியின்போது 1974 ஜனவரி 6 அன்று இதைத் தொடங்கியது. இரண்டு குளிர்காலம் நடத்திப் பார்ப்பதாகத் திட்டம். குழந்தைகள் கும்மிருட்டில் பள்ளிப் பேருந்துக்குக் காத்து நின்றார்கள். புளோரிடாவில் காலை இருளில் மாணவர்கள் வாகனம் மோதி இறந்த செய்திகள் வந்தன. முந்தைய டிசம்பரில் பெரும் ஆதரவு தந்த மக்களே பிப்ரவரிக்குள் மனம் மாறினார்கள். அக்டோபரில் சட்டம் திருத்தப்பட்டு அடுத்த குளிர்காலத்துக்கு இயல்பு நேரம் திரும்பியது. பிரிட்டன் 1968 அக்டோபர் முதல் 1971 அக்டோபர் வரை நடத்தியது. ஸ்காட்லாந்தின் வடக்கே குளிர்காலத்தில் பத்து மணியை ஒட்டித்தான் விடிந்தது. 366க்கு 81 என்ற வாக்கில் மக்களவை அதைக் கைவிட்டது. ரஷ்யா 2011இல் தொடங்கியது. மாஸ்கோவில் டிசம்பர் உதயம் பத்து மணியை நெருங்கியது. 2014 அக்டோபரில் இயல்பு நேரத்துக்குத் திரும்பி அங்கேயே நின்றுவிட்டது.

இதன் பக்கம் ஒரு நல்ல வாதமும் இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. பிரிட்டனின் அந்த மூன்றாண்டில் காலை விபத்துகள் கூடினாலும் மாலை விபத்துகள் அதைவிட அதிகமாகக் குறைந்தன என்று கணக்குப் பார்த்தவர்கள் சொன்னார்கள். மாலையில் சாலையில் ஆட்களும் வண்டிகளும் அதிகம், களைப்பும் அதிகம். ஆனால் 1967இல்தான் குடித்துவிட்டு ஓட்டுபவர்களைப் பிடிக்கும் மூச்சுச் சோதனை அங்கே வந்தது. குறைவில் எவ்வளவு இதற்குச் சேரும், எவ்வளவு அதற்குச் சேரும் என்று பிரிப்பது கடினம்.

கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தையும் எதிர்வாதமாகச் சொல்வார்கள். அங்கே கடிகாரத்தை மாற்றுவதில்லை. இயல்பு நேரம் என்றே பெயர். நிலப்படத்தைப் பார்த்தால் அந்த மாகாணம் இன்னும் மேற்கே உள்ள நேர மண்டலத்தில் சேர வேண்டியது. அதாவது பெயர் இயல்பு, நடப்பது நிரந்தரக் கோடை நேரம். சஸ்கட்டூனில் டிசம்பரில் 9 மணி தாண்டித்தான் விடிகிறது, மக்கள் பழகியிருக்கிறார்கள். பழகலாம் என்பதற்கு அது சான்று. உடலுக்கு நல்லது என்பதற்குச் சான்று ஆகாது.

மறைந்திருக்கும் இன்னொரு செலவு, மண்டலத்தின் மேற்கு ஓரத்தில் வாழ்பவர்கள் கட்டுவது. நெடுங்கோட்டில் ஒரு பாகை மேற்கே போனால் சூரியன் நான்கு நிமிடம் பிந்தி வரும். டெட்ராய்ட் தன் மண்டலத்தின் நடுக்கோட்டிலிருந்து எட்டுப் பாகை மேற்கே. சூரியனைவிடக் கடிகாரம் ஏற்கெனவே சுமார் 32 நிமிடம் முந்தி ஓடுகிறது. கோடை நேரத்தை நிரந்தரமாக்கினால் ஆண்டு முழுக்க ஒன்றரை மணி நேரம் முந்தும்; ஜனவரி தொடக்கத்தில் அங்கே 9 மணிக்குத்தான் விடியும். அதே சட்டம் பாஸ்டனுக்கு நன்மை. அது நடுக்கோட்டுக்குக் கிழக்கே இருப்பதால் டிசம்பரில் நாலேகால் மணிக்கே இருட்டிவிடுகிறது. மாசசூசெட்ஸ் மாநிலக் குழு 2017இல் இதை ஆராய்ந்து, அண்டை மாநிலங்களும் சேர்ந்தால் பரிசீலிக்கலாம் என்றது. நிரந்தரக் கோடை நேரத்துக்கு நேர்மையான வழக்கு எங்காவது உண்டென்றால் அது இப்படிப்பட்ட கிழக்கு ஓர ஊர்களிலும், புளோரிடாபோலத் தெற்கே டிசம்பரிலும் ஏழு மணிக்கெல்லாம் விடியும் இடங்களிலும்தான்.

சட்டமும் தடுக்கிறது. அமெரிக்காவில் 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு மாநிலம் இயல்பு நேரத்தில் நின்றுகொள்ளலாம்; கோடை நேரத்தில் நிற்க நாடாளுமன்றத்தின் அனுமதி வேண்டும். ஒன்டாரியோ 2020இல் சட்டம் இயற்றி வைத்திருக்கிறது, ஆனால் கியூபெக்கும் நியூயார்க்கும் மாறினால்தான் அது நடைமுறைக்கு வரும்.

## வழி 3: என்றும் இயல்பு நேரம்

அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2020இல் இந்த வழியைத்தான் பரிந்துரைத்தது. பகல் பன்னிரண்டு மணியை ஒட்டிச் சூரியன் உச்சிக்கு வரும். குளிர்காலக் காலை இப்போதுபோலவே இருக்கும். மாற்றும் நாளின் செலவு எதுவும் இல்லை. பிரேசில் 2019இலும், மெக்சிகோவின் பெரும்பகுதியும் ஈரானும் 2022இலும் இதற்கு வந்துவிட்டன. மெக்சிகோவில் அமெரிக்க எல்லையை ஒட்டிய சில நகராட்சிகள் மட்டும் அக்கரையோடு சேர்ந்து மாற்றுகின்றன.

கொடுக்க வேண்டியது கோடை மாலை. டொராண்டோவில் ஜூன் மாத மறைவு ஒன்பதிலிருந்து எட்டுக்கு வரும். இது சின்ன இழப்பு இல்லை. ஆறு மாதம் பனியில் அடைபட்டுக் கிடப்பவர்களுக்கு அந்த ஒரு மணி நேரம் பெரிது. லண்டனில் அதிகாலை 3:43க்கு விடியும், எல்லோரும் தூங்கும் நேரத்தில் வெளிச்சம் வீணாகும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் வெளிச்சம் புகாத கனத்த திரைச்சீலை இல்லாமல் முடியாது. மாலைநேர விளையாட்டுக் கழகங்களுக்கும் உணவகங்களின் வெளிமேசை வியாபாரத்துக்கும் நட்டம்.

வெப்ப ஊர்களுக்கோ இது இரட்டை லாபம். அரிசோனா 1968 முதல் மாற்றுவதில்லை. பீனிக்ஸில் கோடையில் சூரியன் சீக்கிரம் மறைய வேண்டும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள்; வெயிலை இரவு எட்டே முக்கால் வரை நீட்ட யாருக்கும் விருப்பமில்லை. அங்கும் ஒரு சிக்கல் உண்டு: மாநிலத்தின் வடகிழக்கே நவஹோ பழங்குடியினரின் நிலப்பகுதி கோடை நேரத்தைக் கடைப்பிடிக்கிறது, அதற்குள் சூழ்ந்திருக்கும் ஹோப்பி நிலப்பகுதி கடைப்பிடிப்பதில்லை.

## மின்சாரம் மிச்சமாகிறதா?

இந்த வழக்கத்தைப் பெற்றெடுத்த காரணமே இதுதான். 1916இல் ஜெர்மனியும் பிரிட்டனும் போர்க்கால நிலக்கரியை மிச்சப்படுத்த இதைக் கொண்டுவந்தன. அப்போது விளக்கு எரிப்பது பெரிய செலவு. இப்போது விளக்குகள் எல்இடி. செலவு குளிரூட்டியிலும் சூடேற்றியிலும் போகிறது. அமெரிக்க எரிசக்தித் துறை 2008இல் சொன்ன கணக்குப்படி, கோடை நேரத்தை நான்கு வாரம் நீட்டியதால் கிடைத்த மிச்சம் ஆண்டு மின்நுகர்வில் 0.03 விழுக்காடு. இந்தியானா மாநிலம் முழுவதும் 2006இல் கோடை நேரத்துக்கு வந்தபோது வீட்டு மின்நுகர்வு சுமார் 1 விழுக்காடு கூடியதாக ஆய்வாளர்கள் கண்டார்கள்: விளக்குச் செலவு குறைந்தது, குளிரூட்டிச் செலவு அதை விழுங்கிவிட்டது. மூன்று வழிகளை ஒப்பிடும்போது மின்சாரத்தை ஒரு காரணமாகச் சேர்க்கவே தேவையில்லை.

இலங்கையின் அனுபவம் நமக்கு நெருக்கமானது. மழை பொய்த்து நீர்மின் நிலையங்கள் தடுமாறிய 1996 மே மாதத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். அக்டோபரில் அதில் அரை மணியைத் திருப்பினார்கள். மீதி அரை மணி 2006 ஏப்ரல் வரை அப்படியே இருந்தது. நிலநடுக்கோட்டுக்கு அருகே பகல் நீளம் அதிகம் மாறுவதில்லை. கிடைத்தது பள்ளிப் பிள்ளைகளுக்கு இருட்டான காலைதான். புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் பழைய நேரமே ஓடியது. ஒரே தீவில் பல ஆண்டுகள் இரண்டு நேரம்.

## சாதகம் கணிப்பவர்கள் கவனிக்க

எந்த வழி வந்தாலும் பழைய பதிவுகள் மாறப்போவதில்லை என்பதால் இதை இங்கே சொல்லிவிடுகிறோம். கோடை நேரத்தில் பிறந்த குழந்தையின் பிறப்புச் சான்றில் இருப்பது கடிகார நேரம். டொராண்டோவில் ஜூலையில் இரவு 10:30க்குப் பிறந்தால் கணிப்புக்கு எடுக்க வேண்டியது 9:30. மென்பொருள் தானே கழித்துவிட்டதா என்று பார்க்காமல் கையாலும் கழித்தால் இருமுறை கழிந்து லக்னமே மாறலாம். நவம்பர் மாற்று நாளில் 1:30க்குப் பிறந்திருந்தால் அது முதல் ஒன்றரையா இரண்டாவது ஒன்றரையா என்று மருத்துவமனையிலேயே கேட்டு எழுதி வாங்குங்கள்.

1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் நடுவரை இந்தியாவிலும் போர்க்கால நேரம் ஒரு மணி முன்னால் ஓடியது. இலங்கையில் 1996 மே 25 முதல் 2006 ஏப்ரல் 14 வரை பிறந்தவர்களுக்கு எந்த மாதம், எந்தப் பகுதி என்று கேட்காமல் கணிக்கக்கூடாது.

ராகு காலத்துக்கும் இதே எச்சரிக்கை. ஞாயிறு மாலை 4:30 முதல் 6 வரை என்பது ஆறு மணிக்கு விடிந்து ஆறு மணிக்கு அடையும் பகலுக்கான வாய்ப்பாடு. டொராண்டோவில் ஜூன் ஞாயிறு ஒன்றின் பகலை எட்டாகப் பிரித்தால் கடைசிப் பங்கு இரவு 7:07க்குத் தொடங்கி 9:03க்கு முடியும்.

## எங்கள் தேர்வு

டொராண்டோ, டெட்ராய்ட், சிகாகோ, நியூஜெர்சி வாசகர்களுக்கு: என்றும் இயல்பு நேரம். அது கிடைக்காதென்றால் இப்போதுள்ள மாற்றமே இருக்கட்டும். நிரந்தரக் கோடை நேரத்துக்கு மட்டும் ஆதரவு தராதீர்கள். ‘எப்படியோ நிறுத்தினால் போதும்’ என்று கையெழுத்துப் போடும் மனுக்களில் எந்த நேரத்தில் நிறுத்துவது என்ற வரியைப் படித்துவிட்டுப் போடுங்கள். பாஸ்டன், மயாமி வாசகர்கள் வேறு முடிவுக்கு வந்தால் அதை எங்களால் மறுக்க முடியாது.

லண்டன் வாசகர்களுக்கு: மாற்றிக்கொண்டிருப்பதே மேல். அதிகாலை 3:43 உதயமும் காலை 9:04 உதயமும் ஒன்றுக்கொன்று குறையாத சங்கடம். அவ்வளவு வடக்கே ஒரே நேரம் இரு பருவத்துக்கும் பொருந்துவதில்லை. அரிசோனா, வளைகுடா நாடுகள், சிங்கப்பூர், இந்தியா, இலங்கை: கடிகாரத்தைத் தொட வேண்டாம்.

## அதுவரை செய்யக்கூடியது

மார்ச் மாற்றத்துக்கு நான்கு நாள் முன்பிருந்து படுக்கும் நேரத்தையும் எழும் நேரத்தையும் தினம் 15 நிமிடம் முன்னால் கொண்டுவாருங்கள். குழந்தைகளுக்குச் சாப்பாட்டு நேரத்தையும் சேர்த்து நகர்த்துங்கள். ஞாயிறு, திங்கள் இரு நாளும் எழுந்தவுடன் அரை மணி நேரம் வெளியே வெளிச்சத்தில் நில்லுங்கள். திங்கள் காலை நெடுந்தூரம் ஓட்டுவதைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள்.

கூட்டங்களை நாட்காட்டியில் போடும்போது ‘ஒன்பதரை மணி வித்தியாசம்’ என்று எண்ணை எழுதாமல் ஊரின் பெயரைத் தேர்ந்தெடுங்கள்; மாற்றம் வரும்போது செயலி தானே சரிசெய்துகொள்ளும். மென்பொருள் எழுதுபவர்கள் நடந்து முடிந்தவற்றை உலகப் பொது நேரத்திலும், வரப்போகும் சந்திப்புகளை உள்ளூர் நேரமும் ஊர்ப் பெயருமாகவும் சேமியுங்கள். ஒரு நாடு திடீரென்று விதியை மாற்றினால் பொது நேரத்தில் சேமித்த வருங்காலச் சந்திப்பு ஒரு மணி தவறிப்போகும். அதிகாலை 1 மணிக்கும் 3 மணிக்கும் இடையே எந்தத் தானியங்கிப் பணியும் வேண்டாம்.

ஊருக்குத் தொலைபேசுபவர்கள்: டொராண்டோவிலிருந்து சென்னை, யாழ்ப்பாணம் கோடையில் ஒன்பதரை மணி முன்னால், குளிர்காலத்தில் பத்தரை. லண்டனிலிருந்து நாலரை, ஐந்தரை. சிட்னி தலைகீழ், அங்கே கோடை நேரம் அக்டோபர் முதல் ஞாயிறு தொடங்கி ஏப்ரல் முதல் ஞாயிறு முடியும், அந்த மாதங்களில் சிட்னி சென்னையைவிட ஐந்தரை மணி முன்னால், மற்ற மாதங்களில் நாலரை. பிரிஸ்பேன் மாற்றுவதே இல்லை. டொராண்டோவில் இரவு 9:30க்கு அம்மாவிடம் பேசும் வழக்கம் இருந்தால், ஊரில் காலை 7 மணிக்கு வந்த அழைப்பு நவம்பர் முதல் ஞாயிறுக்குப் பின் 8 மணிக்குத்தான் வரும் என்று முந்தின வாரமே சொல்லிவையுங்கள்.